எண்ணெய் எரிக்காத மூன்றாவது சுழலி

ஊவா மலையிலுள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அடைமழை பிடித்த நாட்களில் எங்கள் லயத்துக் காம்பராவின் அடுப்பு மூன்று வேலை பார்க்கும். அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, நனைந்த படங்கை இஸ்தோப்பில் உதறிப் போட்டுவிட்டு, கவ்வாத்து மலையில் பொறுக்கிய தேயிலைக் குச்சியான மிலாறைத் திணித்து அடுப்பைப் பற்றவைப்பார். சடசடவென்று எரியும் அந்தத் தீயில் ரொட்டி வேகும். தீ அடங்கித் தணலானதும் ரொட்டிக் கல்லை இறக்கிவிட்டு, குளிப்பதற்குத் தண்ணீர் டின்னை ஏற்றுவார். தண்ணீரும் சுட்ட பிறகு, கதகதப்பு மட்டும் மிஞ்சிய அடுப்பின் மேல் மறுநாளைக்கான ஈரவிறகை அடுக்குவார். ரொட்டிக்கு ஒரு தீ, குளிக்க ஒரு தீ, விறகு காயவைக்க ஒரு தீ என்று மூன்று முறை மூட்ட எங்களிடம் விறகு ஏது?

பல வருடம் கழித்து அந்த அடுப்பை எனக்கு நினைவூட்டியது, கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் நிற்கும் யுகதனவி மின்நிலையம். 300 மெகாவாட் கொள்ளளவுள்ள இந்த நிலையத்தில் மூன்று சுழலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 மெகாவாட். முதல் இரண்டும் எண்ணெய் குடிப்பவை. மூன்றாவதற்கு ஒரு சொட்டு எண்ணெயும் போவதில்லை. ஆனாலும் மற்ற ஒவ்வொன்றுக்கும் சமமாக அதுவும் மின்சாரம் தருகிறது. களனி ஆற்றங்கரையில் இருக்கும் களனிதிஸ்ஸ நிலையத்திலும் இதே கணக்குத்தான். அங்கே கிடைக்கும் 165 மெகாவாட்டில் சுமார் 110 எண்ணெய் எரிக்கும் சுழலியிலிருந்து வருகிறது. மிச்சம் 55, எதையும் எரிக்காத இன்னொரு சுழலியிலிருந்து.

ஒன்றுமில்லாததிலிருந்து சக்தி வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் அந்த மூன்றாவது சுழலி எதைத் தின்று சுழல்கிறது?

விடைக்குள் போகுமுன் ஒரு பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்களில் உள்ள முதல் இயந்திரத்துக்கு வாயுச்சுழலி என்று பெயர். பெயரைக் கேட்டதும் நமக்குச் சமையல் கேஸ் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே வாயு என்பது எரிபொருளைக் குறிக்கவில்லை, சுழலியைத் தள்ளும் பொருளைக் குறிக்கிறது. ஆற்றுத் தண்ணீர் தள்ளினால் நீர்ச்சுழலி. கொதித்த ஆவி தள்ளினால் நீராவிச்சுழலி. எரிந்து சூடேறிய காற்றும் புகையும் தள்ளினால் வாயுச்சுழலி. எரிப்பது எரிவாயுவாகவும் இருக்கலாம், டீசலாகவும் இருக்கலாம். இலங்கையில் இதுவரை குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு கிடையாது. ஆகவே களனிதிஸ்ஸ நிலையம் சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நப்தாவையும் டீசலையும் எரிக்கிறது. யுகதனவி கந்தகம் குறைந்த உலை எண்ணெயை எரிக்கிறது.

வாயுச்சுழலி வேலை செய்யும் விதத்தை விளங்கிக்கொள்ள ஊவாவை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. ஆடி ஆவணியில் நம் பக்கம் வீசும் கச்சான் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. பிறகு அப்புத்தளைப் பக்கத்து மலைத்தொடரைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. இறங்கும் காற்றின் மேல் அதற்கு மேலேயுள்ள வளியின் பாரம் கூடிக்கொண்டே போகும். காற்று அமுங்கும். அமுங்கும் காற்று சூடாகும். உலர்ந்த காற்று நூறு மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் கூடுகிறது. யாரும் அடுப்பு மூட்டவில்லை. அமுக்கம் ஒன்றே சூட்டைக் கொண்டுவருகிறது. அந்த உலர்ந்த காற்றில் கொழுந்து வாடுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவத்தில் உலகம் தேடும் வாசம் வருகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதும் இதே காரணத்தால்தான்.

வாயுச்சுழலியின் முன்பாதி இப்படிக் காற்றை அமுக்கும் இயந்திரம். அதை அமுக்கி என்போம். ஒரே தண்டில் வரிசை வரிசையாகப் பொருத்திய அலகுகள் காற்றை உள்ளே இழுத்து, படிப்படியாக நெருக்கி, வெளிக்காற்றைப் போலப் பன்னிரண்டு மடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுபோகின்றன. 30 பாகையில் நுழைந்த காற்று, எரிபொருள் ஒரு துளியும் சேராமலே 350 பாகையைத் தாண்டிவிடும். 100 மெகாவாட் அளவுள்ள ஒரு வாயுச்சுழலி விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோ காற்றை உறிஞ்சுகிறது. ஒருவர் ஒரு நாளில் இருபது கிலோ கொழுந்து எடுப்பதாக வைத்துக்கொண்டால், இருபது பேர் காலையிலிருந்து மாலை வரை எடுத்த கொழுந்தின் எடை அது. அவ்வளவு காற்று ஒவ்வொரு விநாடியும் உள்ளே போகிறது.

அமுங்கிய காற்றுக்குள் எண்ணெய் தெளிக்கப்பட்டு எரிகிறது. இந்த இடம் எரிகலன். எரிந்த வாயு 1,100 பாகை அளவில் பின்பாதியிலுள்ள சுழலியின் அலகுகளைத் தள்ளிக்கொண்டு, விரிந்தபடி வெளியேறுகிறது. சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அதே தண்டின் ஒரு பக்கத்தில் அமுக்கி, மறுபக்கத்தில் மின்பிறப்பாக்கி.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். காற்றை அமுக்கச் செலவான வேலையைத்தானே அது விரியும்போது திருப்பித் தருகிறது? பிறகு மின்சாரம் பண்ண மிச்சம் ஏது? மிச்சத்தைக் கொண்டுவருவது எரிகலனின் சூடுதான். ஒரு சுண்டு அரிசி வெந்தால் கிட்டத்தட்ட மூன்று சுண்டு சோறாக மலர்கிறது. கடையிலிருந்து மலையேற்றித் தூக்கி வருவது அரிசி, வீட்டில் பரிமாறுவது சோறு. அதுபோல, காற்று சுருங்கிக் குளிர்ந்து கிடக்கும்போது அதை அமுக்குகிறோம். சூட்டில் பொங்கிப் பருத்த பிறகு அதை விரியவிடுகிறோம். பருத்த காற்றுத் தரும் தள்ளு, சுருங்கிய காற்றுக் கேட்ட தள்ளைவிட அதிகம். அந்த வித்தியாசம்தான் மின்சாரம்.

அந்த வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பது 1939 ஜூலை 7ஆம் தேதி தெரியவந்தது. சுவிற்சர்லாந்தின் நொய்ஷாத்தெல் நகரத்துக்காகப் பிரவுன் பொவேரி நிறுவனம் கட்டிய, பொது மின்விநியோகத்துக்கான உலகின் முதல் வாயுச்சுழலி அன்று பரீட்சைக்கு வந்தது. பரீட்சித்தவர் அவுரெல் ஸ்டொடோலா. சுழலிகளின் கணிதத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர்; அப்போது அவருக்கு எண்பது வயது. சுழலி மொத்தமாக 15,400 கிலோவாட் உற்பத்தி செய்தது. அதில் 11,400 கிலோவாட்டை அமுக்கியே விழுங்கிவிட்டது. ஊருக்குக் கிடைத்தது 4,000. எரிந்த எண்ணெயின் சக்தியோடு ஒப்பிட்டபோது வினைத்திறன் 17.38 வீதம். இன்றைக்கு அது மிகச் சிறிய எண். ஆனால் அதற்கு முன் பலர் கட்டிய வாயுச்சுழலிகள் தம் அமுக்கிக்கே போதாமல் திணறின. தன் அமுக்கியையும் ஓட்டி, ஊருக்கும் மின்சாரம் கொடுக்க முடியும் என்று அளந்து காட்டிய அந்த முதியவரின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அந்த இயந்திரம் 2002 வரை உழைத்தது.

மீதி ஏறத்தாழ 83 வீதம் எங்கே போனது? சூடான புகையாக வானத்துக்குப் போனது. இன்றைய சுழலிகள் ஸ்டொடோலா காலத்தை மிஞ்சிவிட்டாலும், 100 மெகாவாட் வகை வாயுச்சுழலி தனியாக ஓடினால் எரிபொருளின் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். வெளியேறும் புகையின் சூடு சுமார் 550 பாகை. ஈயத்தை உருக்க 330 பாகை போதும், துத்தநாகத்துக்கு 420. அவ்வளவு சூட்டையா சும்மா விடுவது?

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த முதல் மனிதர் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர். 1824இல், தன் 28ஆவது வயதில், நெருப்பின் தள்ளுவலுவைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். நீராவி இயந்திரத்தை ஓட்டுவது சூட்டின் அளவு மட்டுமன்று, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு அதற்குள்ள வீழ்ச்சியும்தான் என்று அதில் எழுதினார். அவர் எடுத்த உவமை நீர்வீழ்ச்சி. எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் முக்கியம்.

மலைநாட்டுக்காரனுக்கு இதைவிட நெருக்கமான உவமை கிடைக்காது. டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த மலைகளிலிருந்து விழும் தண்ணீரைக் கணக்கிட்டு, நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்று கட்டுரை வாசித்தார். 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றுகிறது. இறங்கி நோர்ட்டன் குளத்தில் தங்கிப் பழைய லக்ஷபானவைச் சுழற்றுகிறது. மறுபடி இறங்கிப் பொல்பிட்டியவைச் சுழற்றுகிறது. இறுதியில் களனி ஆறாகக் கொழும்புக்கு ஓடுகிறது. ஒரே தண்ணீர், ஒன்றன்பின் ஒன்றாக மின்நிலையங்கள். முதல் நிலையத்தில் தண்ணீர் தீர்ந்துபோவதில்லை. அது இழப்பது உயரத்தை. மிச்ச உயரம் இருக்கும் வரை அதற்கு வேலை கொடுக்கலாம்.

கார்னோவின் உவமையில் ஒரு பிழை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். விழும் தண்ணீர் அளவு குறையாமல் கீழே வந்து சேர்வதுபோலச் சூடும் அப்படியே வந்து சேரும் என்று நினைத்தார். வேலையாக மாறிய சூடு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பதை யூல், கிளவுசியஸ் என்ற அறிவியலாளர்கள் பிற்பாடு நிலைநாட்டினார்கள். கார்னோ 36 வயதில் கொலராவில் இறந்துவிட்டார். திருத்தத்தைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் விழும் உயரம்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது என்ற அவர் முடிவு இன்றுவரை அசையவில்லை. சூட்டை 550 பாகையில் எடுத்து 30 பாகையில் விடும் எந்த இயந்திரமும், எவ்வளவு கெட்டிக்காரர் கட்டினாலும், அதில் நூற்றுக்கு 63 பங்குக்கு மேல் வேலையாக்க முடியாது. 1,100 பாகையில் தொடங்கினால் அந்த எல்லை 78 வரை உயர்கிறது. மெய்யான இயந்திரங்கள் உராய்விலும் கசிவிலும் இதைவிடக் கீழேதான் நிற்கும்.

இப்போது நம்மிடமுள்ள இரண்டு வகை மின்நிலையங்களை இந்தக் கண்ணால் பார்ப்போம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. சுவாலையின் சூடு 1,500 பாகைக்கும் மேல். ஆனால் கொதிகலன் குழாயின் உருக்கு அமுக்கத்தையும் தாங்கி அந்தச் சூட்டையும் தாங்காது; நீராவி சுமார் 540 பாகையில்தான் புறப்படுகிறது. 1,500இலிருந்து 540 வரையான வீழ்ச்சி எந்தச் சுழலியும் இல்லாத வெறும் பாறையில் கொட்டும் அருவி. மாறாக, வாயுச்சுழலி அந்த மேல்மலையில் நன்றாக வேலை செய்கிறது. குழாய்ச் சுவருக்கு வெளியே தீ எரிந்து சூடு ஊடுருவும் வரை அது காத்திருப்பதில்லை. எரிந்த வாயுவே நேராக அலகில் மோதுகிறது. ஆனால் 550 பாகையில் அது கைவிட்டுவிடும். கீழ்மலை முழுவதும் வீண்.

ஒன்று மலையின் கீழ்ப்பாதியை மட்டும் பயன்படுத்துகிறது, மற்றது மேற்பாதியை மட்டும். ஒன்று கைவிடும் சூடும் மற்றது தொடங்கும் சூடும் ஏறத்தாழ ஒரே இடம். இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்கினால் முழு மலையும் கைக்கு வரும். வாயுவின் சுழற்சி ஒன்று, நீராவியின் சுழற்சி ஒன்று. இரண்டும் கூடுவதால் இதற்குக் கூட்டுச்சுழற்சி என்று பெயர். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பெல் ஐல் நிலையத்தில் 1949இல் வாயுச்சுழலியின் புகையைக் கொண்டு பக்கத்துக் கொதிகலனுக்குப் போகும் நீரைச் சூடாக்கினார்கள். எளிய தொடக்கம். அம்மாவின் தண்ணீர் டின்னுக்கு மிகவும் கிட்டிய தொடக்கமும்கூட.

இரண்டு சுழற்சிகளையும் இணைக்கும் உறுப்புத்தான் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. வெப்பமீட்புக் கொதிகலன் என்று அதைச் சொல்லலாம். பல மாடி உயரமான ஒரு பெட்டி. உள்ளே ஆயிரக்கணக்கான குழாய்கள். சூடு நன்றாகப் பற்றும்படி குழாய்களின் மேல் மெல்லிய உலோகச் செதில்கள். தீ என்பதே இல்லை. வாயுச்சுழலியின் புகை ஒரு பக்கம் நுழைந்து, குழாய்களைத் தழுவிக்கொண்டு மறுபக்கம் போகிறது, குழாய்களுக்குள் தண்ணீர். நம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே விறகுப் புகை குழாய்க்குள் போகும், சுத்தமான காற்று குழாய்க்கு வெளியே சூடாகும். புகை தேயிலையைத் தொட்டால் வாசம் கெட்டுவிடும். இங்கே உள்வெளி மாறியிருக்கிறது, நியாயம் ஒன்றுதான்: சூடு கைமாற வேண்டும், புகையும் தண்ணீரும் தொடக்கூடாது.

அந்தப் பெட்டிக்குள் குழாய்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. புகை நுழையும் வாசலில், மிகச் சூடான இடத்தில், ஏற்கெனவே ஆவியானதை இன்னும் சூடாக்கும் குழாய்கள். இதை மீசூடேற்றி என்கிறார்கள். நடுவில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் ஆவியாக்கி. வெளியேறும் வாசலில், புகை ஆறிப்போன இடத்தில், புதிதாக வரும் குளிர்ந்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் முன்சூடேற்றி. புகை ஒரு திசையில், தண்ணீர் எதிர்த்திசையில். ஆறிய புகைக்கும் தன்னைவிடக் குளிர்ந்த ஒன்று எதிரே வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கடைசிக் குழாய் வரை அதனிடமிருந்து எடுக்க ஏதோ இருக்கும். சுவாலைக்கு ரொட்டி, தணலுக்குத் தண்ணீர், கதகதப்புக்கு ஈரவிறகு. எரிபொருள் நல்லதானால், 550 பாகையில் நுழைந்த புகை 100 பாகை அளவில் வெளியேறும்.

இப்படிப் பிறந்த நீராவிதான் எண்ணெய் எரிக்காத அந்த மூன்றாவது சுழலியைச் சுழற்றுகிறது. சுழலியின் அடியில் ஒடுக்கி இருக்கிறது. அதன் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓட, வேலை முடிந்த ஆவி அந்தக் குழாய்களின் மேல் பட்டுத் திரும்பத் தண்ணீராகிறது. ஒரு பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, உடனே மூடி வைத்துப் பாருங்கள். ஆற ஆறப் போத்தல் நசுங்கும். சாதாரண அமுக்கத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,600 லீற்றர் ஆவியாகிறது; அது மறுபடி ஒரு லீற்றராகச் சுருங்கினால் பின்னால் வெற்றிடம்தான் மிஞ்சும். ஒடுக்கியில் அந்த வெற்றிடம் எப்போதும் இருப்பதால், ஆவி 40 பாகை அளவுக்குக் குளிரும் வரை சுழலி அதனிடம் வேலை வாங்குகிறது. கொதிகலன் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஒடுக்கி முன்னாலிருந்து இழுக்கிறது.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். எண்ணெயின் சூடு நூறு பங்கு. வாயுச்சுழலி 33 பங்கை மின்சாரமாக்குகிறது. புகையோடு போகும் மீதியில் ஏறத்தாழ 50 பங்கை வெப்பமீட்புக் கொதிகலன் பிடித்துக்கொள்கிறது. அந்த ஐம்பதில் மூன்றில் ஒன்று, சுமார் 17 பங்கு, நீராவிச் சுழலியில் மின்சாரமாகிறது. மொத்தம் 50. முப்பத்துமூன்றுக்குப் பாதியளவு பதினேழு. களனிதிஸ்ஸவின் 110க்கு 55 வந்த வழி இது. யுகதனவியில் இரண்டு வாயுச்சுழலிகளின் புகை சேர்ந்து ஒரு நீராவிச் சுழலியை ஓட்டுவதால் மூன்றாவது மற்ற ஒவ்வொன்றுக்கும் சமமாக நிற்கிறது.

இன்னும் மேலே போகலாமா? மலையை உயர்த்தினால் போகலாம், அதாவது எரிந்த வாயு இன்னும் சூடாகச் சுழலிக்குள் நுழைய வேண்டும். பிரான்சின் புஷேன் நிலையம் 2016இல் 62.22 வீதம் எட்டி உலக சாதனை படைத்தது. இத்தகைய புதிய சுழலிகளுக்குள் நுழையும் வாயு, அலகு வார்க்கப்பட்ட நிக்கல் கலப்புலோகம் உருகும் சூட்டையே தாண்டிவிடுகிறது. அலகு உருகாமல் நிற்பது எப்படி? அமுக்கியிலிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பி, உள்ளீடற்ற அலகுக்குள் அனுப்பி, அதன் மேலுள்ள நுண்துளைகள் வழியே கசியவிடுகிறார்கள். 400 பாகையில் உள்ள அந்தக் காற்றுத்தான் அங்கே குளிர்ச்சி. அலகின் உடலெங்கும் அது மெல்லிய படலமாகப் படர்ந்து, படங்கு மழையைத் தடுப்பதுபோலத் தீயைத் தடுக்கிறது.

நம்முடைய நிலையங்கள் அந்த எண்களுக்கு ஏன் கிட்டப் போவதில்லை என்றால், வயது ஒரு காரணம், எரிபொருள் இன்னொரு காரணம். உலை எண்ணெயில் உள்ள வனேடியம் எரிந்து அலகுகளில் படிந்து அரிக்கும். அதனால் சூட்டைக் குறைத்தே ஓட்ட வேண்டும். கந்தகம் வேறு விதமாகக் கெடுக்கிறது. புகை மிகவும் ஆறினால் அதிலுள்ள கந்தகம் அமிலப் பனியாகக் குழாய்களில் படியும். ஆகவே இன்னும் சூடு இருக்கும்போதே புகையை வெளியே விடவேண்டிய கட்டாயம். நப்தா சுத்தமாக எரியும், ஆனால் எளிதில் ஆவியாகித் தீப்பற்றும். டீசலில் இயக்கிவிட்டுப் பிறகு நப்தாவுக்கு மாறுவார்கள். இயற்கை எரிவாயுவுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. 2011இல் மன்னார்க் கடற்படுகையில் கெயர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டுபிடித்தது. அது இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. கெரவலப்பிட்டியில் எரிவாயுவுக்கென்றே வடிவமைத்த 350 மெகாவாட் சோபாதனவி நிலையத்தின் வாயுச்சுழலியும் 2024இல் டீசலில்தான் ஓடத் தொடங்கியது.

இப்படி ஒரு நிலையத்தை ஏன் பதுளைப் பக்கம் கட்டக்கூடாது என்று என்னிடம் ஒரு மாணவி கேட்டாள். இங்கே குளிராக இருக்கிறதே, இயந்திரத்துக்கு நல்லதுதானே என்றாள். பாதி சரி. வாயுச்சுழலியின் வலுவை உலகெங்கும் 15 பாகை வெப்பநிலையில், கடல்மட்டத்தில் வைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். கொழும்பின் 30 பாகையில் காற்று ஐதாகிவிடுவதால் அதே இயந்திரம் குறைவாகத்தான் தரும். குளிர்ந்த மலையில் அந்த நட்டம் இல்லை. ஆனால் பதுளை நகரமே கடல்மட்டத்துக்கு சுமார் 680 மீற்றர் மேலே. நமுனுக்குலைச் சரிவிலுள்ள தோட்டங்கள் அதற்கும் மேலே. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் அமுக்கம் பத்து வீதத்துக்கும் மேல் குறைகிறது. குளிரில் கிடைத்ததை உயரம் பறித்துவிடும். அதோடு ஒடுக்கிக்கு ஓயாமல் குளிர்நீர் வேண்டும், எண்ணெய் கப்பலிலிருந்து வந்து சேர வேண்டும். கடற்கரையும் ஆற்று முகமும்தான் அதற்கு இடம். ஊவாவின் சொத்து விழும் தண்ணீர். 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் சுரங்கங்கள் வழியே தண்ணீரை 700 மீற்றருக்கு மேல் விழவைத்து 120 மெகாவாட் எடுக்கிறது. அந்தச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதையும் வீடுகள் வெடித்ததையும் மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது.

கூட்டுச்சுழற்சி நிலையத்துக்கு அவசரம் பிடிக்காது. வாயுச்சுழலி அரை மணி நேரத்துக்குள் முழு வலுவுக்கு வந்துவிடும். நீராவிப் பகுதிக்கோ ஆறிய நிலையிலிருந்து சில மணி நேரம் வேண்டும். தடித்த உருக்கைச் சட்டென்று சூடாக்கினால் வெடிப்பு விழும், குளிர்ந்த கண்ணாடிக் கோப்பையில் கொதிநீர் ஊற்றியதுபோல. அதனால் பல நிலையங்களில் வாயுச்சுழலிக்கும் வெப்பமீட்புக் கொதிகலனுக்கும் இடையே ஒரு பெரிய உலோக மடல் இருக்கும். அதைத் திருப்பினால் புகை கொதிகலனுக்குப் போகாமல் தனிப் புகைபோக்கி வழியே நேராக வானத்துக்குப் போகும். அவசரத்துக்கு இப்படி ஓட்டுவதைத் திறந்த சுழற்சி என்பார்கள். கட்டும்போதும் வாயுச்சுழலிதான் முதலில் தயாராகும். யுகதனவியின் இரண்டு வாயுச்சுழலிகள் 2008 முடிவில் ஓடத் தொடங்கின. நீராவிச் சுழலி 2010இல்தான் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த 550 பாகைப் புகை கடற்காற்றில் கலந்தது.

அப்படிச் சூட்டை வீணாக விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2022 மார்ச் கடைசியில் எனக்கு உறைத்தது. நீர்த்தேக்கங்கள் தாழ்ந்திருந்தன, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. டீசல் கப்பல் காசு கட்டப்படாமல் கொழும்புக்கு வெளியே நின்றது. மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. லயத்தில் பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தார்கள், ஸ்டோரில் கொழுந்து வாடிக் கருகியது. மின்கட்டணப் பட்டியலில் வரும் அலகில் சொன்னால், ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ பத்து அலகு சூடு இருக்கிறது. வாயுச்சுழலி தனியாக எரித்தால் அதிலிருந்து மூன்றேகால் அலகு மின்சாரம். கூட்டுச்சுழற்சியில் எரித்தால் ஐந்து. வித்தியாசம் ஒன்றேமுக்கால் அலகு. கம்பி வழியே மலையேறி வரும்போது கரைவதைக் கழித்துவிட்டாலும், எங்கள் காம்பராவில் எரியும் ஒன்பது வாட் குமிழை அது இரவும் பகலுமாக ஒரு வாரம் எரியவைக்கும்.